ஐம்பது ரூபாயும் நாற்பது ஆண்டும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில், ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் தவறாமல் மூட்டை கட்டப்படும் பொருள்கள் சில உண்டு. குலதெய்வத்தின் படம் ஒன்று. இட்லிக் கொப்பரை ஒன்று. அவற்றோடு, முதுகுத் தையல் விட்டுப்போன தமிழ் அகராதி ஒன்று. அதனை நாள்தோறும் எவரும் புரட்டுவதில்லை. பள்ளியில் இந்தியும் வங்காளியும் மராத்தியும் கற்று வரும் பிள்ளை, ஒரு நாள் ஏதேனும் ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்கும்போதுதான் அதன் நினைவு வருகிறது. எடுத்துப் பார்க்கிறோம், பொருள் கிடைக்கிறது, மூடி வைக்கிறோம். அச்சொல்லை அவ்விடத்தில் கொண்டுவந்து வைத்தவர் யார், அதற்கு அவர் செலவிட்ட நாள் எத்தனை என்று நாம் கேட்பதில்லை.

மத்திய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழிக்கும் நானும், அகராதிகளின் நடுவே அமர்ந்திருந்தும், நெடுங்காலம் அவ்வாறு கேட்டவன் அல்லேன். சில ஆண்டுகள் கொல்கத்தாவில் பணியாற்ற நேர்ந்தது. அங்கே எங்கள் அலுவலக அலமாரியில் தலையணை போன்ற இரண்டு வங்காளி நூல்கள் இருந்தன. ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்த வங்காளி நண்பர் ஒருவர், எனக்கு ஐயம் எழும்போதெல்லாம் அவற்றுள் ஒன்றை விரித்து, சொல்லின் வேரையும் பொருளையும் பழம்புலவர் ஆட்சியையும் படித்துக் காட்டுவார். ஒரு நாள், “இதனைத் தொகுத்த குழுவில் எத்தனை பேர் இருந்தனர்?” என்று கேட்டேன். அவர் வாய் திறந்து விடை கூறவில்லை. ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த ஒருவரின் பெயர் ஹரிசரண் பந்தோபாத்யாயர். அந்நூலின் பெயர் ‘வங்கீய சப்தகோஷம்’. அதன் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தனியொருவர் தம் வாழ்நாள் கனவை எவ்வாறு நிறைவேற்றினார் என்பது இவ்வரலாற்றின் ஒரு பாதி. அந்தத் தனிமனிதரைத் தாங்கி நின்ற கைகள் எவை என்பது மறு பாதி. இரண்டாம் பாதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஹரிசரணர் 1867-ஆம் ஆண்டில் வங்கத்தின் இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தில் பிறந்தவர். எளிய குடும்பம். கல்கத்தாவில் பி.ஏ. வகுப்பு வரை படித்தார். ஆனால், பொருள் முட்டுப்பாட்டினால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகச் சிலகாலம் உழைத்தார். 1902-ஆம் ஆண்டில், தாகூர் குடும்பத்தின் ஜமீன் நிலங்களுள் ஒன்றான பதிசர் என்னும் ஊரில் கச்சேரிக் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தது. அவ்வூர் இன்று வங்காளதேச எல்லைக்குள் இருக்கிறது. குத்தகைக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கும் வேலை அது. அதற்கும் சொற்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஜமீன் அலுவல்களைப் பார்வையிடக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் அங்கே வந்தார். பகலெல்லாம் கச்சேரி வேலை பார்க்கும் நீர் மாலை வேளைகளில் என்ன செய்கின்றீர் என்று புதிய கண்காணிப்பாளரைக் கேட்டார். மாலையில் வடமொழி நூல்களைப் பயில்வதாகவும், நூல் ஒன்றின் கையெழுத்துப் படியை அச்சுக்குச் சித்தம் செய்து வருவதாகவும் ஹரிசரணர் விடை கூறினார். கவிஞர் அப்படியை வாங்கிப் பார்த்தார். பிறகு ஊர் திரும்பினார். சில நாள்களில் ஜமீன் நிர்வாகிக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வடமொழி அறிந்த அந்த அலுவலரைச் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பி வைக்குமாறு அதில் எழுதியிருந்தது.

இந்நிகழ்ச்சியை வங்காளிகள் பெருமையோடு கூறுவர். கவிஞர் கேட்டது பகல் வேலையைப் பற்றிய கேள்வி அன்று. மாலையைப் பற்றிய கேள்வி. சம்பளத்துக்குச் செய்யும் வேலை ஒருவனைப் பற்றி ஓரளவே கூறும். எவரும் ஏவாமல், எவரும் கூலி கொடாமல், விளக்கு வைத்த பின் அவன் செய்யும் வேலை அவனைப் பற்றி முழுவதும் கூறிவிடும் அன்றோ?

சாந்திநிகேதனப் பள்ளி தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அங்கே ஹரிசரணர் வடமொழி ஆசிரியராக அமர்ந்தார். தாகூர் தொடங்கி முடிக்காது விட்டிருந்த ‘சம்ஸ்கிருதப் பிரவேசம்’ என்னும் பாடநூலை முடிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்தப் பணியின் ஊடே கவிஞர் தம் உள்ளத்தில் இருந்த வேறோர் அவாவையும் வெளியிட்டார். வங்காளி மொழிக்கு, சொல்லின் பிறப்பும் பொருளும் இலக்கிய ஆட்சியும் ஒருங்கே காட்டும் பேரகராதி ஒன்று வேண்டும் என்பது அது. ஹரிசரணர் அப்பொறுப்பை ஏற்றார். 1905-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அகராதி வேலை எத்தகையது என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம் தமிழில் ‘ஓடு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஓடு’ என்றால் விரைந்து செல் என்று பொருள். கூரைமேல் வேய்வதும் ஓடு. ஆமையின் முதுகில் இருப்பதும் ஓடு. இரப்பவன் கையில் இருப்பதும் ஓடு. ‘மகனோடு வந்தான்’ என்னுமிடத்தில் அதுவே வேற்றுமை உருபு. இவற்றுள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எவை? ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை எவை? ஒவ்வொரு பொருளிலும் எந்நூலில், எவ்விடத்தில் ஆட்சி காணப்படுகிறது? இவ்வளவையும் ஆராய்ந்து, ஐயமற எழுதி, அதற்குரிய இடத்தில் வைத்த பின்னரே அடுத்த சொல்லுக்குச் செல்ல முடியும். இரண்டெழுத்துச் சொல்லுக்கே இவ்வளவு உழைப்பு என்றால், ஒரு மொழி முழுவதற்கும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

வங்காளியிலோ இச்சிக்கல் இன்னும் மிகுதி. வடமொழியிலிருந்து உருமாறாமல் வந்த சொற்கள் ஒருபுறம். பாகதத்தின் வழியாகத் தேய்ந்தும் திரிந்தும் வந்த சொற்கள் ஒருபுறம். நாட்டு வழக்குச் சொற்கள் ஒருபுறம். பாரசீகம், அரபி, போர்த்துக்கீசியம் ஆகியவற்றிலிருந்து குடியேறிய சொற்கள் மற்றொருபுறம். வங்காளி வீட்டில் பூட்டைத் திறப்பது ‘சாபி’. காற்று வருவது ‘ஜானாலா’. துணி வைப்பது ‘ஆல்மாரி’. தமிழர் வீட்டில் அவையே சாவி, ஜன்னல், அலமாரி. கடல் வழியே வந்த போர்த்துக்கீசியரின் சொற்கள் வங்கக் கரையிலும் தமிழ்க் கரையிலும் ஒருங்கே இறங்கியிருக்கின்றன. கொல்கத்தாவில் குடியேறிய தமிழ் இல்லத்தரசி முதல் நாளிலேயே இம்மூன்று சொற்களையும் புரிந்துகொண்டு வியப்பது இதனாலேதான். பேசுபவர்க்கு இது வியப்பு. அகராதி தொகுப்பவர்க்கோ ஒவ்வொன்றும் தனித்தனியே துருவிப் பார்க்க வேண்டிய வழக்கு.

இதற்கு முன் அகராதி தொகுத்த அனுபவம் ஹரிசரணருக்கு இல்லை. வழிகாட்ட ஆசிரியர் இல்லை. உதவிக்கு எழுத்தர் இல்லை. பழைய வங்காளிக் காவியங்கள் தொட்டு அக்கால உரைநடை வரை நூல் நூலாகப் படித்தார். சொற்களைக் குறித்தார், வரிசைப்படுத்தினார், வடமொழி, பாலி, பாகத நூல்களோடு ஒப்பிட்டார். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். மாலைக் கடன்களை முடித்தபின் லாந்தர் விளக்கின் ஒளியில் குனிந்து அமர்ந்து எழுதினார். அவ்விளக்கொளியில் அவரைக் கண்டவர்கள் அக்காட்சியைப் பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கின்றனர்.

ஆறாண்டுகள் இவ்வாறு சென்றன. 1911-ஆம் ஆண்டில் வேலை நின்றது. கருத்து வறண்டதோ, உடல் தளர்ந்ததோ காரணம் அன்று. குடும்பம் நடத்தப் பணம் போதவில்லை. சாந்திநிகேதனப் பள்ளியும் அந்நாளில் பணத்துக்குத் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. ஹரிசரணர் கல்கத்தாவுக்குச் சென்று ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலையில் அமர்ந்தார். வருவாய் கிடைத்தது, ஆனால் அகராதிக்கு நேரம் கிடைக்கவில்லை. எழுதிய தாள்கள் கட்டிய கட்டிலேயே கிடந்தன.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நம் நாட்டில் தொடங்கப்பெற்று முடியாமற்போன நல்ல வேலைகளின் வரலாறு இந்த இடத்தோடு முடிவதே வழக்கம். விடாமுயற்சி உடையவன் எவ்வகையேனும் வெல்வான் என்று மேடைகளில் பேசுகிறோம். ஹரிசரணரிடம் விடாமுயற்சிக்குக் குறைவு ஏதும் இல்லை. இருந்தும் வேலை நின்றுவிட்டது. விடாமுயற்சியும் அரிசி வாங்கித்தான் உண்ண வேண்டியிருக்கிறது.

தாகூர் இதனை உணர்ந்தார். அவர் காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியை அணுகினார். கல்விக்கு வாரி வழங்கியவர் என வங்கத்தில் பெயர் பெற்றவர் அம்மகாராஜா. ஹரிசரணருக்குத் திங்கள்தோறும் ஐம்பது ரூபாய் உதவித்தொகை அளிக்க அவர் இசைந்தார். ஹரிசரணர் சாந்திநிகேதனத்துக்குத் திரும்பினார். தாள் கட்டு மீண்டும் அவிழ்ந்தது.

ஐம்பது ரூபாய் அக்காலத்திலும் ஒரு மகாராஜாவுக்குப் பெரிய தொகை ஆகாது. ஒரு விழாவின் வாணவேடிக்கைக்கும் அது போதாது. ஆனால் அது மாதந்தோறும் வந்தது, கேளாமல் வந்தது, இன்ன நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்னும் நெருக்கடியின்றி வந்தது. அறிவுப்பணிக்கு வேண்டிய உதவியின் இலக்கணம் இதுவே என்று நான் கருதுகிறேன். ஒருமுறை கொடுக்கப்படும் பெருந்தொகையும் பொன்னாடையும் ஒரு நாளைச் சிறப்பிக்கும். தவறாது வரும் சிறு தொகையோ ஓராண்டைக் காக்கும்.

இவ்வாறு உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஞானேந்திரமோகன் தாஸ் என்பவர் தொகுத்த சிறந்த வங்காளி அகராதி ஒன்று வெளிவந்தது. தாம் வெட்டிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வேறொருவர் நீர் கண்டுவிட்டால் பலர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவர். ஹரிசரணர் போடவில்லை. சொல்லின் வேரையும் மேற்கோள் ஆட்சியையும் விரிவாகக் காட்ட வேண்டும் என்னும் தம் திட்டப்படியே தொடர்ந்து எழுதினார். வங்க ஆண்டு 1330-இல், அதாவது நம் கணக்கில் 1923-24-இல், கையெழுத்துப் படி நிறைவுற்றது. தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆசிரியருக்கு வயது ஐம்பத்தாறு.

நூல் முடிந்தது; ஆனால் அச்சேறவில்லை. அவ்வளவு பெரிய நூலை அச்சிடும் செலவை ஏற்க நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. விசுவபாரதிக்கோ அதற்கு வேண்டிய பொருள்வசதி இல்லை. எழுதி முடித்த படி மேலும் பல ஆண்டுகள் அவரிடமே இருந்தது. அவர் அதனைத் திருத்தினார்; புதுச் சொற்களைச் சேர்த்தார். 1929-ஆம் ஆண்டில் காசிம்பஜார் மகாராஜா காலமானார். தாம் ஐம்பது ஐம்பதாக ஈந்த பணம் என்னவாக விளைந்தது என்பதை அச்செழுத்தில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

1932-ஆம் ஆண்டில் ஹரிசரணர் விசுவபாரதிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வயது அறுபத்தைந்து. ஓய்வுக்குப்பின் கையில் இருந்த சேமிப்பை என்ன செய்வது என்று நம்மில் பலரும் கணக்கிட்டுப் பார்ப்பதுண்டு. அவர் அதனை அகராதியில் போட்டார். இங்கே மூன்றாவது கை ஒன்று நீள்கிறது. நகேந்திரநாத் வசு என்பவர், ‘விசுவகோஷம்’ என்னும் வங்காளிக் கலைக்களஞ்சியத்தை இருபத்திரண்டு தொகுதிகளாக 1911-ஆம் ஆண்டில் முடித்தவர். நெடும்பணியின் நோவு இன்னதென அனுபவத்தால் அறிந்தவர். தாளுக்குரிய விலையை மட்டும் முதலில் கொடுத்தால் போதும், அச்சுக்கூலியைப் பின்னர்ச் சிறுகச் சிறுகத் தரலாம் என்று இணங்கித் தம் அச்சகத்தில் வேலையைத் தொடங்கினார். ஒரு தொகுப்பாசிரியரின் துன்பம் மற்றொரு தொகுப்பாசிரியருக்குத்தான் தெரியும் போலும்!

முழுநூலையும் ஒருங்கே அச்சிட வழியில்லை. ஆகவே சஞ்சிகை சஞ்சிகையாக, அதாவது சிறு சிறு பகுதிகளாக, வெளியிட்டார். வாங்கியவர்கள் சந்தாதாரர்கள். அவர்களுள் பலர் சாந்திநிகேதனத்தில் பயின்றவர்களும் அதன் அன்பர்களும் ஆவர். அவர்களை நான் இவ்வரலாற்றின் நான்காவது கை என்பேன். 1932-இல் முதற்பகுதியை வாங்கியவர் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் கிடைத்திருப்பது ‘அ’ என்னும் எழுத்தின் தொடக்கம். வங்காளி நெடுங்கணக்கின் இறுதி எழுத்து ‘ஹ’. ஆசிரியரோ அறுபத்தைந்து வயது முதியவர், பொருள்வசதியும் அற்றவர். இவர் ‘ஹ’ வரை போய்ச் சேர்வார் என்பதற்கு என்ன உறுதி? உறுதி ஏதும் இல்லாமலே அவர்கள் பணம் கட்டினர்.

பகுதிகள் வரத் தொடங்கின. 1938-ஆம் ஆண்டில் நகேந்திரநாத் வசு மறைந்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தில் தாள் அரும்பொருள் ஆயிற்று. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரவீந்திரநாத் தாகூர் காலமானார். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இப்பணியை ஏவியவர், அதன் இறுதியைக் காணாமலே சென்றார். 1943-ஆம் ஆண்டில் வங்கத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். ஏவியவர் இல்லை, பொருள் உதவியவர் இல்லை, அச்சிடத் துணை நின்றவர் இல்லை. எஞ்சியிருந்தவர் எழுதியவர் ஒருவரே. ‘தனிமுயற்சி’ என்னும் சொல் அவருக்கு முழுப்பொருளில் பொருந்திய காலம் இதுதான்.

1945-ஆம் ஆண்டில் நூற்றைந்தாம் பகுதி வெளிவந்தது. அகராதி முடிந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் நூற்றைந்து பகுதிகள் என்றால், சராசரியாக ஒன்றரைத் திங்களுக்கு ஒன்று. போரும் பஞ்சமும் இதனுள் அடங்கும். 1905-இலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுகள். முப்பத்தெட்டு வயதில் தொடங்கியவர் எழுபத்தெட்டு வயதில் முடித்தார். நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய ‘ஹ’, அவர் பெயரின் முதலெழுத்தும் ஆகும். தம் பெயரின் முதலெழுத்தைச் சென்று சேர அவருக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின!

பின்னர்ப் பெருமைகள் வந்தன. 1957-இல் விசுவபாரதி அவருக்குத் ‘தேசிகோத்தமர்’ என்னும் தன் உயர்ந்த விருதை அளித்தது. அதற்குள் அவருடைய கண்ணொளி மங்கிப் போயிருந்தது. 1959-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தொண்ணூற்றொன்றாம் வயதில் மறைந்தார். 1966-67-இல் சாகித்திய அகாதெமி ‘வங்கீய சப்தகோஷ’த்தை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. என் நண்பர் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டியவை அவைதாம். அவ்வுருவில் தம் நூலைத் தொகுப்பாசிரியர் கண்டதில்லை.

இவ்வரலாற்றைக் கேட்டதும் தமிழர் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ‘அபிதான சிந்தாமணி’ என்னும் இலக்கியக் கலைக்களஞ்சியத்தைத் தனியொருவராய்த் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் அவர். சென்னையில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, புராணம், இதிகாசம், இலக்கியம், சமயம் முதலியவற்றில் வரும் பெயர்களையும் செய்திகளையும் பல்லாண்டு திரட்டினார். நூல் உருவாயிற்று, அச்சிடப் பொருள் இல்லை. பலரை நாடியும் பயனில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ஆம் ஆண்டில் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதனைக் கேள்வியுற்று ஆதரவு நல்கினார். அதன் பயனாக 1910-இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே தேவர் மறைந்தார். சிங்காரவேலு முதலியாரோ அதன்பின்னும் ஓயவில்லை. இரண்டாம் பதிப்புக்காக மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே இருந்து 1931-இல் காலமானார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1934-இல் அவர் மைந்தரின் முயற்சியால் வந்தது. காசிம்பஜார் மகாராஜா இருந்த இடத்தில் இங்கே பாண்டித்துரைத் தேவரை வைத்துப் பாருங்கள். கதை ஒன்றே.

ஒருவர் தொகுத்தால் நாற்பது ஆண்டு ஆகும். குழு அமைத்தால் விரைவில் முடியும் அன்றோ என்று சிலர் வினவலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பார்ப்போம். அரசின் பொருள் இருந்தது; அலுவலகம் இருந்தது; பண்டிதர் குழு இருந்தது. 1913-இல் தொடங்கிய வேலை, ஆறு தொகுதிகளாக 1936-இல் நிறைவுற்றது. அனுபந்தம் 1939-இல் வந்தது. ஆக இருபத்தாறு ஆண்டுகள். சொல்லின் வேலை எத்தனை கைகள் சேர்ந்தாலும் தன் காலத்தை எடுத்துக்கொண்டே தீரும் என்பது இதனால் விளங்கும். அத்தனை கைகள் செய்த வேலையை ஒரு கையால் செய்தவர் நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது தாமதம் ஆகாது.

இத்தகையோர் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணவும் வேண்டா. கேரளத்தின் தலைச்சேரியைச் சேர்ந்த ஞாற்றியேல ஸ்ரீதரன், நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பீடி சுற்றும் தொழிலுக்குச் சென்றவர். பின்னர்த் தாமே படித்துத் தேர்வு எழுதி அரசு வேலை பெற்றார். ஓய்வுக்குப்பின் மலையாளம், தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிச் சொற்களையும் ஒப்பிட்டுக் காட்டும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். வெளியிடுவோரைத் தேடி அலைந்தார். இறுதியில் 2020-ஆம் ஆண்டில், அவர் எண்பது வயதைக் கடந்தபின், கேரள முதியோர் அமைப்பு ஒன்று அதனை அச்சிட்டு வெளிக்கொணர்ந்தது. தம்மைப்போல் ஓய்வு பெற்றவர்களின் கைகளே அவருக்கு உதவின என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அன்பர்களே, வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நம்முள், மாலை விளக்கொளியில் ஏதேனும் ஒரு நெடுவேலை செய்துகொண்டிருப்பவர்கள் நாம் எண்ணுவதைவிட மிகுதி. தம் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளை விடுமுறைதோறும் சென்று படியெடுப்பவர் இருக்கலாம். பாட்டிமார் பாடிய தாலாட்டுகளை எழுதி வைப்பவர் இருக்கலாம். தாம் வாழும் மாநிலத்தின் நல்ல நூல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருப்பவர் இருக்கலாம். அண்டை வீட்டார் அவர்களைப் பற்றி, “அந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லை” என்று கூறிக்கொண்டிருக்கவும் கூடும். அவர்கள் ஹரிசரணரின் கணக்கை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். ஒருநாள் எழுத்தைப் பார்த்தால் அற்பம். நாற்பது ஆண்டு எழுத்தைப் பார்த்தால் ஒரு மொழியின் சொற்களஞ்சியம்.

அத்தகைய நெடுவேலை நம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. எனக்கும் வாய்க்கவில்லை. அலுவலகத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதிலேயே என் பகலும் மாலையும் கழிகின்றன. ஆனால் இவ்வரலாற்றில் நம்மைப் போன்றோர்க்கு ஓர் இடம் உண்டு. ‘அ’ எழுத்தின் முதற்பகுதியைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘ஹ’ வருமோ வாராதோ என்று கேளாமல் சந்தா கட்டினார்களே, அவர்கள் இருந்த இடம் அது. அவர்கள் பெயர்கள் அகராதியின் முகப்பில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லையேல் அகராதியும் இல்லை.

கொல்கத்தாவை விட்டு மாற்றலாகி வந்தபோது, அந்த வங்காளி நண்பரிடம் விடை பெறச் சென்றேன். அகராதியின் இரண்டாம் தொகுதி மேசைமேல் விரிந்து கிடந்தது. அவர் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டியதை நினைவூட்டினேன். அவர் சிரித்தார். பிறகு, முன்பு உயர்த்திய விரலோடு மற்ற நான்கு விரல்களையும் விரித்து உயர்த்தி, “எழுதியவர் ஒருவர், எழுத விட்டவர்கள் இத்தனை பேர்” என்றார்.